ஒளியை முந்தும் செய்தி

ஒளியை எதுவும் முந்த முடியாது என்று பள்ளியில் படிக்கிறோம். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அது தவறு. அணு உலையைச் சூழ்ந்திருக்கும் தண்ணீருக்குள் எலக்ட்ரான்கள் ஒளியை முந்திக்கொண்டு ஓடுகின்றன. நிலவின் மேல் பாய்ச்சிய லேசர் புள்ளியை ஒளியைவிட வேகமாக நகர்த்தலாம். தொலைதூர விண்மீன் மண்டலங்கள் ஒளியின் வேகத்தைத் தாண்டி நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் எதுவும் ஐன்ஸ்டைனுக்கு எதிரான சாட்சி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால்தான் தடை உண்மையில் எதன் மேல் விழுகிறது என்பது விளங்கும். தடையில் ஓட்டை இருக்கிறதா என்று கடந்த நூறாண்டில் நேர்மையாகத் தேடியவர்கள் பலர். அவர்களில் ஒருவர் தாம்பரத்தில் இயற்பியல் படித்தவர். ஒரு மேதை சொல்லிவிட்டார் என்பதற்காக 'முடியாது' என்ற விடை நிலைத்துவிடவில்லை. அதை முட்டிப் பார்த்தவர்களின் உழைப்பில்தான் அது உறுதிப்பட்டது. அவர்களின் கதையே இந்தக் கேள்வியின் வரலாறு.

ஒளி வந்து சேர நேரம் பிடிக்கிறது என்பதை 1676-இல் ஓலே ரோமர் எடுத்துக்காட்டினார். வியாழனின் துணைக்கோளான அயோவின் கிரகணங்கள், பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் கணக்குக்குப் பிந்தியும் நெருங்கும் மாதங்களில் முந்தியும் தெரிந்தன. 1887-இல் மைக்கேல்சனும் மோர்லியும், பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடுவதால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறும் என்று எதிர்பார்த்து அளந்தார்கள். எதிர்பார்த்த மாற்றம் தென்படவில்லை. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் யார் அளந்தாலும் ஒன்றுதான் என்பதையே அடித்தளமாக வைத்து 1905-இல் ஐன்ஸ்டைன் சிறப்புச் சார்பியலைக் கட்டினார். இன்று அந்த வேகத்தை யாரும் அளப்பதில்லை. 1983 முதல் மீட்டர் என்ற அளவே அதை வைத்து வரையறுக்கப்படுகிறது: நொடிக்கு 29,97,92,458 மீட்டர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நிறை உள்ள பொருளுக்கு ஆற்றலை ஊட்டிக்கொண்டே போனால் வேகம் கூடிக்கொண்டே போகாதா? 1964-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வில்லியம் பெர்டோசி இதை நேரடியாகச் சோதித்துக் காட்டினார். எலக்ட்ரான்களுக்கு 1.5 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் கொடுத்து, குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க அவை எடுத்த நேரத்தை அளந்தார். நியூட்டனின் கணக்குப்படி அந்த ஆற்றலில் எலக்ட்ரான் ஒளியைப் போல ஏழு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓட வேண்டும். அளவீட்டில் அது ஒளியின் வேகத்தை ஒட்டி வந்து நின்றது. கொடுத்த ஆற்றல் எங்கே போனது என்ற சந்தேகம் எழாமல் இருக்க, எலக்ட்ரான்கள் மோதிய உலோகம் எவ்வளவு சூடேறியது என்றும் பார்த்தார். ஆற்றல் முழுவதும் எலக்ட்ரானிடம் இருந்தது. வேகம் மட்டும் ஏறவில்லை.

ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. சுற்றுப்பாதையில் 2000 வரை ஓடிய எலக்ட்ரான்கள், கடைசிக் காலத்தில் ஒளியைவிட நொடிக்கு 4 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பின்தங்கின. அதே சுரங்கத்தில் பிறகு ஓடிய புரோட்டான்கள் 6.5 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் நொடிக்கு 3 மீட்டர் பின்தங்கின. இவ்வளவு நெருங்கியும் அந்தக் கோட்டை ஒரு துகள்கூடத் தொட்டதில்லை.

இனி, உண்மையாகவே முந்துகிறவற்றைப் பார்ப்போம். தண்ணீருக்குள் ஒளி நொடிக்கு 2,25,000 கி.மீ. வேகத்துக்குத் தளர்ந்துவிடுகிறது. ஆற்றல் மிக்க எலக்ட்ரான் அப்படித் தளர்வதில்லை. அது ஒளியை முந்தும்போது நீல நிறத்தில் ஒரு ஒளிர்வு பிறக்கிறது. சோவியத் இயற்பியலாளர் பாவெல் செரென்கோவ் 1934-இல் அறிவித்த இந்த ஒளிர்வு 1958-இல் நோபல் பரிசு பெற்றது. லடாக்கின் ஹான்லேயில் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கும் 'மேஸ்' தொலைநோக்கி இந்த ஒளிர்வை நம்பியே இயங்குகிறது. விண்ணிலிருந்து வரும் காமா கதிர் காற்றில் மோதிச் சிதறும்போது பிறக்கும் துகள்கள் காற்றில் ஒளியை முந்துகின்றன. அப்போது எழும் ஒளிர்வைத்தான் அது பிடிக்கிறது. தடை வெற்றிடத்தில் ஒளிக்கு உள்ள வேகத்தின் மேல். அந்த வேகத்தை இந்தத் துகள்கள் தாண்டுவதில்லை.

லேசர் புள்ளியின் கதை வேறு. நிலவின் விட்டம் 3,474 கி.மீ.; இங்கிருந்து பார்க்க அது அரைப் பாகை அகலம்தான். நொடிக்கு 50 பாகை என்ற அளவில் மணிக்கட்டைத் திருப்பினால் போதும், புள்ளி அந்த அகலத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். ஒளியின் வேகத்தைவிட அது அதிகம். ஆனால் நிலவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எந்தப் பொருளும் போகவில்லை. ஒவ்வோர் இடத்திலும் விழுவது பூமியிலிருந்து தனித்தனியாகப் புறப்பட்ட ஒளி. ஒரு கரையில் நிற்பவர் அந்தப் புள்ளியைக் கொண்டு மறுகரையில் நிற்பவருக்கு எதையும் சொல்லியனுப்ப முடியாது.

1971 வாக்கில் வானொலித் தொலைநோக்கிகள், 3சி 279 போன்ற குவேசார்களிலிருந்து (தொலைதூர மண்டலங்களின் ஒளிமிக்க மையங்கள்) பீறிடும் கட்டிகள் ஒளியைவிடப் பலமடங்கு வேகமாக நகர்வதாகக் காட்டின. அந்தத் தோற்றத்தை மார்ட்டின் ரீஸ் 1966-இலேயே கணித்திருந்தார். ஒளியின் வேகத்தில் 95 விழுக்காட்டில், நம்மை நோக்கிய திசைக்கு 18 பாகை சாய்வாக ஒரு கட்டி வருகிறது என்று வையுங்கள். அது தன் ஒளியைத் துரத்திக்கொண்டே வருவதால் அடுத்தடுத்த படங்கள் நெருங்கி வந்து சேரும். பக்கவாட்டு நகர்வு ஒளியைப் போல மூன்று மடங்காகத் தோன்றும். இது பார்வையின் விளைவு மட்டுமே.

விண்மீன் மண்டலங்களின் விலகல் அப்படி ஒரு தோற்றம் இல்லை. சுமார் 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவை உண்மையிலேயே ஒளியின் வேகத்தை மீறி விலகுகின்றன. ஆனால் அங்கே விரிவது வெளி. எந்த மண்டலமும் தன் பக்கத்தில் ஓடும் ஒளிக்கதிரை முந்துவதில்லை. அந்த விலகலைக் கொண்டு எந்தத் தகவலையும் ஒளியைவிட விரைவாக அனுப்பவும் முடியாது.

இந்த நிகழ்வுகளில் இல்லாமல் போன ஒன்று செய்தி. ஓரிடத்தில் நடந்ததன் விளைவை இன்னோரிடத்துக்கு ஒளியைவிட முன்னதாகக் கொண்டுசேர்ப்பது, அதுதான் தடுக்கப்பட்டிருக்கிறது. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை ஓர் எளிய கணக்கில் பார்த்துவிடலாம். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது, நூறு விளக்கங்களைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

ஒரு கலம் பூமியிலிருந்து ஒளியின் வேகத்தில் 80 விழுக்காட்டில் புறப்படுகிறது. நொடிப்பொழுதும் ஆகாமல் செய்தி கடத்தும் கருவி இரு பக்கமும் இருக்கிறது. பூமியில் 10 ஆண்டுகள் ஆனதும் கலத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிறோம். அப்போது கலம் 8 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும். சார்பியல்படி அதன் கடிகாரம் 6 ஆண்டுகளையே காட்டும். கலத்தில் இருப்பவர் அக்கணமே பதில் அனுப்புகிறார். அவருடைய பார்வையில் நகர்வது பூமி; ஆகவே மெதுவாக ஓடுவது பூமியின் கடிகாரம். அவருக்கு 6 ஆண்டுகள் ஆனபோது பூமியில் ஆனது 3.6 ஆண்டுகள். அவர் அனுப்பிய பதில் பூமிக்கு வருவது அந்த 3.6-ஆம் ஆண்டில்! நாம் கேள்வியை அனுப்புவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் கைக்கு வந்துவிடுகிறது. பதிலைப் படித்துவிட்டுக் கேள்வியை அனுப்பாமல் இருந்துவிட்டால்? காரணம் முந்தி, காரியம் பிந்தி என்ற ஒழுங்கே குலைகிறது. கருவியின் வேகத்தை முடிவிலியிலிருந்து குறைத்தாலும், ஒளியைவிட அது விரைவாக இருக்கும்வரை, ஏதாவது ஒரு வேகத்தில் செல்லும் கலத்தை வைத்து இதே சிக்கலை உண்டாக்கலாம்.

இந்தச் சிக்கல் தெரிந்தும் கேள்வியை விடாதவர் இ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் அருகே பள்ளத்தில் 1931-இல் பிறந்து, தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனம் வழியாக அமெரிக்காவின் ராச்செஸ்டருக்குப் போனவர். 1962-இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகிய இருவரோடு அவர் எழுதிய கட்டுரை, ஒளியைவிட வேகமான துகள்களைச் சார்பியல் உண்மையில் தடுக்கிறதா என்று கேட்டது. அவர்கள் பிடித்த இடம் கூர்மையானது. சமன்பாடுகள் சொல்வது, ஒளியைவிட மெதுவாக ஓடுவதை ஒளியைத் தாண்டி விரட்ட முடியாது என்பதைத்தான். ஒளித்துகளை யாரும் முடுக்கி அந்த வேகத்துக்குக் கொண்டுவரவில்லை. பிறக்கும்போதே அது அந்த வேகத்தில் பிறக்கிறது. அப்படியே பிறக்கும்போதே ஒளியைத் தாண்டி ஓடும் மூன்றாவது வகையும் ஏன் இருக்கக்கூடாது? பின்னர் சுதர்சன் இதற்கு ஓர் உவமை சொன்னார்: இமயமலையை ஏறிக் கடக்க முடியவில்லை என்பதற்காக அதற்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று ஒருவர் முடிவு கட்டுவது போன்றது இது, நடு ஆசியாவில் வாழ்பவர்கள் மலையைக் கடந்து போனவர்கள் இல்லை, அங்கேயே பிறந்தவர்கள்.

அத்தகைய துகளின் நிறை கற்பனை எண்ணாக வரும். அது ஒருபோதும் ஓய்வில் நிற்காது என்பதால் அந்த நிறையை யாரும் எடைபோட வேண்டியதில்லை. ஆற்றலை இழக்க இழக்க அதன் வேகம் கூடும். ஆற்றல் முழுதும் போனால் வேகம் முடிவிலி. சில பார்வையாளர்களுக்கு அது எதிர்மறை ஆற்றலோடு காலத்தில் பின்னோக்கிப் போவதாகத் தெரியும். அதை நேர்மறை ஆற்றலோடு எதிர்த்திசையில் முன்னோக்கிப் போவதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சுதர்சன் குழுவின் தீர்வு. அனுப்பியவரும் பெற்றவரும் இடம் மாறுவார்கள், அவ்வளவுதான். அழகான தீர்வு இது. ஆற்றல் கணக்கை அது சரிசெய்கிறது. செய்தியின் கணக்கை என் பார்வையில் அது சரிசெய்யவில்லை. அந்தக் கற்றையில் ஒரு கவிதையைப் பொதிந்து அனுப்பினால், அதை எழுதியவர் யார் என்பது பார்வையாளருக்குப் பார்வையாளர் மாறிவிட முடியுமா? 1970-இல் பென்ஃபோர்டு, புக், நியூகோம் ஆகியோர் இந்த மறுப்பை முறையாக எழுதினார்கள்.

1967-இல் ஜெரால்டு ஃபைன்பெர்க் இந்தத் துகளுக்கு டாக்கியான் என்று பெயர் வைத்தார். தேடலும் தொடங்கியது. மின்னூட்டம் உள்ள டாக்கியான் இருந்தால் அது வெற்றிடத்திலேயே செரென்கோவ் ஒளியை வீச வேண்டும். 1968-இல் ஆல்வேகரும் கிரைஸ்லரும் தேடிப் பார்த்து எதையும் காணவில்லை. 1974-இல் ஆஸ்திரேலியாவில் கிளே, குரவுச் இருவரும், காஸ்மிக் கதிர்ப் பொழிவு தரைக்கு வருமுன்பே ஏதோ வந்து சேர்ந்த தடயம் கிடைத்ததாகச் சொன்னார்கள். பிறர் செய்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. இதற்கிடையில் கோட்பாடே வேறு பக்கம் திரும்பியது. ஒரு புலத்தின் நிறை கற்பனை எண்ணாக வந்தால், அந்தப் புலம் நிலையற்ற இடத்தில் இருக்கிறது, விரைவில் அங்கிருந்து சரிந்து வேறு நிலைக்குப் போகும் என்று பொருள். அதன் அதிர்வுகள்கூட ஒளியை முந்துவதில்லை. ஹிக்ஸ் புலத்தின் கதை இதுதான். 1990-களின் இறுதியில் அசோக் சென் இழைக் கோட்பாட்டின் டாக்கியான்களை இதே வழியில் விளக்கி உலகப் புகழ் பெற்றார். சுதர்சன் தேடிய துகள் கிடைக்கவில்லை. அவர் எழுதிய கணிதம் இன்றும் வேலை செய்கிறது. பின்னாளில் அவர் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார், 2018-இல் மறைந்தார்.

டாக்கியான் ஏட்டளவில் நின்றுவிட்ட நிலையில், 2011 செப்டம்பர் 23 அன்று செர்ன் அரங்கில் 'ஓபெரா' குழு தன் அளவீட்டை வெளியிட்டது. செர்னிலிருந்து பாறையை ஊடுருவி 730 கி.மீ. தொலைவில், இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்துக்குப் போன நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள், ஒளி வர வேண்டிய நேரத்துக்கு 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டன. அந்த நேரத்தில் ஒளி கடப்பது 18 மீட்டர். மூன்று ஆண்டுகளில் சேர்த்த 16,000 நிகழ்வுகள் கையில் இருந்தன. தூரத்தை 20 சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்திருந்தார்கள். 2009-இல் லாக்குவிலா நிலநடுக்கம் ஆய்வகத்தை 7 சென்டிமீட்டர் நகர்த்தியதுகூட அளவில் பதிவாகியிருந்தது.

மறுப்புகள் உடனே வந்தன. எனக்கு மிகவும் வலுவாகப் பட்டது வானத்திலிருந்து வந்த மறுப்பு. 1987 பிப்ரவரியில் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் வெடித்த செய்தி வந்தபோது, அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னே வந்தன. வெடிப்பின் அதிர்ச்சி விண்மீனின் மேற்பரப்பை எட்டி ஒளியாக வெளிப்படச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளி இயல்பானது. ஓபெராவின் வேகம் எல்லா நியூட்ரினோக்களுக்கும் பொருந்துவதாக இருந்தால், அவை நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். கோஹனும் கிளாஷோவும் இன்னொன்றைச் சுட்டினார்கள்: ஒளியை முந்தும் நியூட்ரினோ வழியெல்லாம் எலக்ட்ரான், பாசிட்ரான் இணைகளைச் சிதறவிட்டு ஆற்றலை இழந்திருக்கும். கிரான் சாசோவுக்கு வந்த நியூட்ரினோக்களில் அந்த இழப்பின் சுவடு இல்லை.

அக்டோபர், நவம்பரில் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி மறுபடி அளந்தார்கள். அதே 60 நானோநொடி. 2012 தொடக்கத்தில்தான் காரணம் தெரிந்தது: ஜி.பி.எஸ். நேரத்தை முதன்மைக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பியின் இணைப்பு முழுவதும் முடுக்கப்படாமல் இருந்தது. அது ஏற்படுத்திய பிழை 73 நானோநொடி. கடிகார அலைவியின் சிறு பிழை எதிர்த்திசையில் கொஞ்சம் ஈடுகட்டியது. இரண்டாம் சுற்றிலும் அதே கம்பி இருந்ததால் அதே விடை வந்திருந்தது. 2012 ஜூனில் கியோட்டோ மாநாட்டில், கிரான் சாசோவில் உள்ள நான்கு சோதனைக் குழுக்களும் நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்று அறிவித்தன. அதற்குள் குழுவின் தலைமையில் இருந்த இருவர் பதவி விலகியிருந்தார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. தங்கள் முடிவைத் தாங்களே நம்ப முடியாமல், சோதித்துப் பாருங்கள் என்று உலகத்தின் முன் எண்களை வைத்தவர்கள் அவர்கள். பிழையைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னதும் அதே குழு. மூடி மறைத்திருந்தால் அல்லவா குற்றம்.

குவாண்டம் பிணைப்பில் வேறு வகையான ஆசை. பிணைந்த இரு துகள்களில் ஒன்றை அளந்ததும், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மற்றதன் விடை அதோடு ஒத்துப்போகிறது. இந்த ஒற்றுமையைச் சோதிக்க இயற்பியலாளர் பெல் 1964-இல் வகுத்த அளவுகோலை அஸ்பே 1982-இல் பாரிஸ் அருகே சோதித்தார். அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் கிடைத்தது. ஆனால் எந்தப் பக்கத்தில் இருப்பவரும் தன் விடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவருக்குக் கிடைப்பது குருட்டாம்போக்கான வரிசை. இரு வரிசைகளையும் சாதாரண வழியில் ஒப்பிட்ட பிறகே ஒற்றுமை தெரியும்.

நிக் ஹெர்பர்ட் 1982-இல் இந்தத் தடையைத் தாண்டவும் ஒரு வழி கண்டதாக நினைத்தார். வந்து சேர்ந்த ஒளித்துகளை லேசர் பெருக்கியால் பல படிகளாக்கி அளந்தால், எதிர்ப்பக்கம் என்ன அளந்தார்கள் என்பதைப் பிரித்தறியலாம் என்றார். கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஆஷர் பெரஸ், இது தவறு என்று தெரிந்தும், பிழை எங்கே என்று தேடுவது பயன் தரும் என்பதால் வெளியிடப் பரிந்துரைத்தார். அவர் கணித்தது நடந்தது. வூட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியாக டீக்ஸும், அறியாத ஒரு குவாண்டம் நிலையைப் படியெடுக்கவே முடியாது என்று அதே ஆண்டில் நிறுவினார்கள். இன்றைய குவாண்டம் மறையாக்கத்தின் பாதுகாப்பு அந்தத் தேற்றத்தின் மேல் நிற்கிறது. ஒளியை முந்த நினைத்த ஒரு தவறான கட்டுரை இல்லாவிட்டால் அது அவ்வளவு விரைவில் கவனம் பெற்றிருக்காது.

2000-இல் பிரின்ஸ்டனில் லிஜுன் வாங் குழு சீசியம் ஆவியினூடே அனுப்பிய ஒளித்துடிப்பின் உச்சி, வெற்றிடத்தில் வந்திருக்க வேண்டியதைவிட 62 நானோநொடி முன்னே வெளிவந்தது. செய்தித்தாள்கள் பரபரத்தன. துடிப்பின் உச்சி எங்கே என்பது அதன் முன்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆவி அதை உருமாற்றி முன்கூட்டியே உயர்த்துகிறது. திடீரென மாற்றிய ஒரு குறியின் முகப்பு ஒளியை முந்தாது என்பதை சோமர்ஃபெல்டும் பிரில்லுவானும் 1914-லேயே காட்டிவிட்டார்கள்.

விண்வெளியையே மடக்கி விரிக்கும் அல்குபியெரேயின் 1994 திட்டம் திரைப்பட ரசிகர்களுக்குப் பிடித்தமானது. கலத்துக்கு முன்னே வெளி சுருங்கி, பின்னே விரிந்து ஒரு குமிழி உண்டானால், அதன் உள்ளே இருப்பவர் எந்த ஒளியையும் முந்தாமலேயே தூரத்தைக் கடந்துவிடலாம். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் எதிர்மறை ஆற்றல் வேண்டும். 1997-இல் ஃபென்னிங்கும் ஃபோர்டும் போட்ட கணக்கில், கண்ணுக்குத் தெரியும் அண்டம் முழுவதையும்விட அதிக அளவில் வேண்டும். பின்னால் வந்தவர்கள் அளவைக் குறைத்தார்கள். எதிர்மறை ஆற்றலின் தேவையைத் தவிர்த்து ஒளியை முந்தும் குமிழியை யாரும் ஐயமறக் காட்டவில்லை. அப்படி இரண்டு குமிழிகள் கிடைத்தால் மேலே சொன்ன கலத்தின் சிக்கலும் திரும்ப வந்துவிடும்.

2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலை வந்து 1.7 நொடி கழித்துக் காமா கதிர் வந்தது. ஈர்ப்பின் வேகமும் ஒளியின் வேகமும் கோடி கோடியில் ஒரு பங்குகூட வேறுபடவில்லை என்பது அன்று உறுதியானது. இப்போது எஞ்சியுள்ள கேள்வி இன்னும் நுட்பமானது: எல்லா ஆற்றலிலும் ஒளிக்கு ஒரே வேகம்தானா? வெளியும் காலமும் மிக நுண்ணிய அளவில் வேறு அமைப்புக் கொண்டவை என்றால், ஆற்றல் மிக்க ஒளித்துகள் ஒரு துளி முந்தவோ பிந்தவோ செய்யலாம் என்று சில குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடுகள் சொல்கின்றன. 2009 மே 10 அன்று பதிவான காமா கதிர் வெடிப்பிலிருந்து 700 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த, 3,100 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட ஓர் ஒளித்துகள், வெடிப்பு தெரியத் தொடங்கி ஒரு நொடிக்குள் ஃபெர்மி தொலைநோக்கிக்கு வந்துவிட்டது. 2022 அக்டோபர் 9 அன்று பதிவான இன்னொரு காமா கதிர் வெடிப்பிலிருந்து சீனாவின் லாசோ ஆய்வகம் 60,000-க்கும் மேற்பட்ட ஒளித்துகள்களைப் பிடித்தது. அவற்றிலும் வேறுபாடு தென்படவில்லை. கேனரித் தீவான லா பால்மாவிலும் சிலியின் பரனால் அருகிலும் கட்டப்பட்டுவரும் செரென்கோவ் தொலைநோக்கி வரிசையின் வேலைப் பட்டியலில் இந்தச் சோதனையும் இருக்கிறது.